நொடிக்கு 50 தடவை

நெடுஞ்சாலையில் ஒரு கார் முந்திச் செல்கிறது. டாக்கோமீட்டர் முள் 6,000-ஐத் தொடுகிறது. கிராங்க்ஷாஃப்ட் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கேம்ஷாஃப்ட் அதில் பாதி சுற்றும்: 3,000. நொடிக்கு 50. அந்த ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வால்வும் ஒரு தடவை திறந்து மூடியாக வேண்டும். திறக்கத் தொடங்கி மூடி முடிக்கும் வரை கிராங்க் ஏறக்குறைய 250 பாகை திரும்புகிறது. 6,000 சுற்று வேகத்தில் அதற்கு ஆகும் நேரம் 7 மில்லிநொடி. சுமார் 100 கிராம் எடையுள்ள ஓர் உலோகத் தண்டு அந்த இடைவெளியில் 14 மி.மீ. கீழிறங்கி, நின்று, திசை மாறி மேலேறி, தன் சீட்டில் துள்ளாமல் அமர வேண்டும். அது தாங்கும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் பல நூறு மடங்கு.

திறக்கிற வேலை கேமுடையது. அதன் மேடு தள்ள, வால்வு திறக்கிறது. ஆனால் மேடு இறங்கும்போது வால்வைப் பிடித்து இழுத்து மூட கேமுக்குக் கையில்லை. மூடுவது ஸ்பிரிங். கேம் வகுத்த பாதையிலிருந்து வால்வு விலகிவிடாமல், உச்சியைத் தாண்டிப் பறந்துவிடாமல், நொடிக்கு 50 தடவை அதைத் திரும்பக் கொண்டுவருவது ஒரு சுருள் கம்பி மட்டுமே. காரை அன்றாடம் ஓட்டிக்கொண்டே இன்ஜினின் பலத்தைக் கூட்ட நினைப்பவர்கள் பலர் முதலில் கை வைப்பது இந்தச் சுருள் கம்பியிலும், அதன்மேல் அமர்ந்து ஆடும் ராக்கர் ஆர்மிலும்தான். சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டாம், மூடியைத் திறந்தாலே கைக்கு எட்டும் இடம் என்பதால் எளிய வேலை போலத் தோன்றும். உண்மையில் அந்த இரண்டு பொருளையும் மாற்றும்போது ஒரு முழு இயக்கச் சங்கிலியின் விசைக்கணக்கே மாறிவிடுகிறது.

இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்கொள்ளும் இன்ஜின் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1997-இல் கார்வெட் காரில் அறிமுகப்படுத்திய எல்எஸ்1, அதைத் தொடர்ந்து வந்த அதன் குடும்பம். 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர், 16 வால்வு, ஒரே ஒரு கேம்ஷாஃப்ட். கார்வெட், கமேரோ போன்ற கார்களிலும், இதே குடும்பத்து 4.8, 5.3, 6.0 லிட்டர் இன்ஜின்கள் லட்சக்கணக்கான பிக்கப் வண்டிகளிலும் பொருத்தப்பட்டன. அலுவலகத்துக்கும் கடைக்கும் போய்வரும் வண்டியையே மெருகேற்றிப் பார்க்கும் அமெரிக்கப் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான இன்ஜின் கிடைக்கவில்லை. பழைய இன்ஜின் குப்பைக்கிடங்குகளில் மலிவாகக் கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

இது புஷ்ராடு இன்ஜின். கேம்ஷாஃப்ட் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே, கீழே படுத்திருக்கிறது. அதன் மேட்டின்மேல் லிஃப்டர். லிஃப்டரின்மேல் நெடிய புஷ்ராடு. புஷ்ராடின் மேல்முனை ராக்கர் ஆர்மின் ஒரு பக்கத்தைத் தூக்க, மறுபக்கம் இறங்கி வால்வை அழுத்துகிறது. நம் ஊர்ச் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே அமைப்புதான். ஃபீலர் கேஜை ராக்கருக்கும் வால்வு முனைக்கும் இடையே நுழைத்து டாப்பட் செட் பண்ணிய மெக்கானிக்குகள், இந்த அத்தியாயத்தில் வரும் பாகங்கள் எல்லாவற்றையும் விரலால் தொட்டவர்கள். இன்று இங்கு விற்கும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் கேம்ஷாஃப்ட் ஹெட்டுக்கு மேலேயே ஏறிவிட்டது, புஷ்ராடு மறைந்துவிட்டது.

ராக்கர் ஆர்மை நம் பழைய ஏற்றத்தைப் போல எண்ணிக்கொள்ளலாம். தாங்குபுள்ளி நடுவில் இல்லை. ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நீளம். புஷ்ராடு தொடும் குட்டைப் பக்கத்தின் நீளத்தை 1 என்று வைத்தால், எல்எஸ்1-இல் வால்வுப் பக்கத்தின் நீளம் 1.7. கேமின் மேடு 1 மி.மீ. உயர்ந்தால் வால்வு 1.7 மி.மீ. இறங்கும். 1955-இல் செவ்ரோலே கொண்டுவந்த புகழ்பெற்ற முதல் ஸ்மால் பிளாக் இன்ஜினில் இந்த விகிதம் 1.5. அதன் ராக்கர் அச்சில் அழுத்தியெடுத்த தகட்டுத் துண்டு. ஒரு ஸ்டட்டில் கோத்து, அரைக்கோள வடிவப் பித்தான் ஒன்றின்மேல் ஆடவிட்டார்கள். போன்டியாக் பிரிவின் பொறியாளர் கிளேட்டன் லீச் உருவாக்கிய யோசனை அது. மலிவு, எடை குறைவு, நீண்ட ராக்கர் தண்டே தேவையில்லை. அதுவரை கனத்த வார்ப்பு ராக்கர்களை ஒரு தண்டில் வரிசையாகக் கோத்து வந்த தொழிலில் அது பெரிய தாவல். பிரிட்டனில் 1959-இல் வந்த மினி காரின் ஏ-சீரிஸ் இன்ஜினில் விகிதம் 1.25 தான், மினிப் பிரியர்கள் அதை 1.5 ஆக மாற்றுவது இன்றும் முதல் மேம்பாடாக இருக்கிறது. எல்எஸ் குடும்பத்திலேயே 2006-ஆம் ஆண்டு கார்வெட் இசட்06-க்கு வந்த 7 லிட்டர் எல்எஸ்7 இன்ஜினுக்கு விகிதம் 1.8. ஆகவே எல்எஸ் வைத்திருப்பவர் மனதில் எழும் கேள்வி இயல்பானது: 1.7-ஐக் கழற்றி 1.8-ஐப் போட்டால் என்ன?

கணக்குப் பார்ப்போம். அதே குடும்பத்தைச் சேர்ந்த 2002-ஆம் ஆண்டு எல்எஸ்6 இன்ஜினில் இன்டேக் வால்வு 0.551 அங்குலம், அதாவது 14 மி.மீ. திறக்கிறது. 1.7-ஆல் வகுத்தால் கேமின் மேடு 8.2 மி.மீ. அதையே 1.8-ஆல் பெருக்கினால் 14.8 மி.மீ. கூடுதலாகக் கிடைப்பது 0.8 மி.மீ. கேமைத் தொடாமலேயே கிடைக்கிறது என்பதுதான் கவர்ச்சி.

இந்த 0.8 மி.மீ. எவ்வளவு காற்றைக் கொண்டுவரும்? வால்வு திறந்திருக்கும்போது காற்று நுழையும் வழி, வால்வின் விளிம்பைச் சுற்றி உருளை வடிவில் இருக்கும் இடைவெளி. அதன் பரப்பு, விளிம்பின் சுற்றளவைத் திறப்பின் உயரத்தால் பெருக்கினால் கிடைப்பது. வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு உயரம் திறந்ததும், இந்தப் பரப்பும் வால்வுத் தலையின் வட்டப் பரப்பும் சமமாகிவிடும். சாதாரண வடிவியல் கணக்கு அது. எல்எஸ்6-இன் இன்டேக் வால்வு 2 அங்குல விட்டம், 50.8 மி.மீ. கால் பங்கு 12.7 மி.மீ. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 14 மி.மீ. திறக்கும் வால்வு அந்த எல்லையை முன்பே தாண்டிவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு திறந்தாலும் காற்றை நெருக்குவது ஹெட்டுக்குள் செல்லும் குழாய்தான். உச்சத்தில் கூடும் 0.8 மி.மீ. தரும் பலன் சிறிது.

அப்படியானால் 1.8 ராக்கரால் பயனே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது உச்சத்தில் இல்லை, ஏறும் வழியிலும் இறங்கும் வழியிலும் இருக்கிறது. ஒவ்வொரு கணத்திலும் வால்வு முன்பைவிடக் கிட்டத்தட்ட 6 சதவீதம் அதிகம் திறந்திருக்கும். 3 மி.மீ., 5 மி.மீ. என்று வழி குறுகலாக இருக்கும் நேரங்களில் அந்த 6 சதவீதம் மதிப்புள்ளது. வால்வு சீக்கிரம் திறந்து தாமதமாக மூடுவதுபோல் காற்று உணர்கிறது. இதைப் புரிந்துகொண்டவர் ராக்கரிடம் அதிசயத்தை எதிர்பார்க்க மாட்டார். கேம் மாற்றத்துக்கு ஈடாக அதைக் கருதவும் மாட்டார்.

கிடைப்பது இவ்வளவு. கொடுப்பது எவ்வளவு?

நெம்புகோல் இலவசமாக எதையும் தருவதில்லை. வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் 130 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மேலே தள்ளுகிறது என்று வைப்போம். சாலையில் ஓடும் எல்எஸ் இன்ஜினுக்கு இது நடுத்தரமான அளவு. 1.7 விகிதத்தில் புஷ்ராடு 221 கிலோ தாங்க வேண்டும். 1.8-இல் அது 234. கேமின் மேடும் லிஃப்டரும் தாங்குவது அதே அளவு. இரண்டுக்கும் இடையே இருக்கும் தாங்குபுள்ளிக்கோ இரண்டு பக்கத்துச் சுமையும் சேர்ந்து வருகிறது: 364 கிலோ. ஒரு விரல் தடிமனுள்ள பேரிங் ஒன்றின்மேல், ஒவ்வொரு வால்வுக்கும், ஒவ்வொரு தடவையும். ஸ்பிரிங்கும் 0.8 மி.மீ. கூடுதலாக அமுங்குவதால் நிஜ எண்கள் இன்னும் சற்று மேலே போகும்.

இது அசையாமல் நிற்கும்போதான கணக்கு. அசைவில்தான் உண்மையான விலை தெரியும். வால்வின் முடுக்கம் ராக்கர் விகிதத்தோடு நேராக ஏறுகிறது. சுற்று வேகத்தோடு இருமடியாக ஏறுகிறது. 6,000 சுற்றிலிருந்து 6,600-க்குப் போனால் வேகம் 10 சதவீதம்தான் கூடுகிறது, முடுக்கமோ 21 சதவீதம். அதோடு 1.8 ராக்கரும் சேர்ந்தால் 28 சதவீதம். கேமின் பக்கமிருந்து பார்த்தால் இன்னொன்று புலப்படும்: நெம்புகோலின் மறுமுனையில் இருக்கும் வால்வின் எடை, விகிதத்தின் இருமடி அளவு பெருகித் தெரியும். 1.7-இன் இருமடி 2.89, 1.8-இன் இருமடி 3.24. ஒரு கிராம்கூடக் கூட்டாமல் வால்வின் எடை 12 சதவீதம் ஏறியதுபோல் கேம் உணரும்.

கேமின் மேட்டு உச்சியை லிஃப்டர் கடக்கும் கணத்தை நினைத்துப் பாருங்கள். அதுவரை மேல்நோக்கி எறியப்பட்ட புஷ்ராடும் லிஃப்டரும், கீழ்நோக்கி எறியப்பட்ட வால்வும், நியூட்டனின் முதல் விதிப்படி அதே திசையில் போய்க்கொண்டே இருக்கத்தான் விரும்பும். அவற்றைத் தடுத்துத் திருப்பும் முழு விசையும் ஸ்பிரிங்கிடமிருந்து வர வேண்டும். விசை போதாவிட்டால் லிஃப்டர் கேமை விட்டுக் கிளம்பிவிடும். ஒரு கணம் அந்தச் சங்கிலியில் எதுவும் எதையும் தொடாமல் மிதக்கும். மெக்கானிக்குகள் இதை வால்வு ஃப்ளோட் என்பார்கள். பிறகு மேட்டின் இறங்குபக்கத்தில் லிஃப்டர் மோதி விழும்; வால்வு சீட்டில் இறங்கும்போது தட்டி எகிறும். ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள இன்ஜினில் இன்னொரு தொல்லையும் சேரும்: சங்கிலியில் தளர்வு ஏற்பட்டதாக எண்ணி லிஃப்டர் எண்ணெயை உள்ளிழுத்து நீண்டுவிட, வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். ஓட்டுபவருக்குத் தெரிவது, உச்ச வேகத்தில் இன்ஜின் திடீரென்று மூச்சிழந்துபோவது மட்டும்தான்.

இங்கிருந்து எளிதாக வரும் முடிவு, கிடைக்கிறதிலேயே பலமான ஸ்பிரிங்கைப் போட்டுவிடலாம் என்பது. அன்றாடம் ஓடும் காருக்கு இதைவிடத் தவறான முடிவு வேறில்லை என்பதே என் கருத்து.

காரணத்தை அதே கேம் உச்சியில் தேட வேண்டும். அதிக வேகத்தில் ஸ்பிரிங்கின் விசையில் பெரும்பகுதி வால்வைத் திருப்புவதிலேயே செலவாகிவிடும்; மிச்சம்தான் கேமின்மேல் அழுத்தமாக விழும். ஐடிலில் நிலைமை தலைகீழ். 700 சுற்றில் நிலைம விசை, 6,000 சுற்றில் உள்ளதைப் போல் 73-இல் ஒரு பங்கு. இல்லை என்றே சொல்லலாம். ஸ்பிரிங்கின் முழுப் பலமும் கேமின் உச்சியை அப்படியே நசுக்குகிறது. அதே சமயத்தில் எண்ணெய்ப் படலமும் மெலிந்திருக்கிறது. இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே எண்ணெயை இழுத்துச் செல்வது அவற்றின் வேகம்தான், வேகம் குறைந்தால் படலமும் குறையும். கடினமான ஸ்பிரிங் கேமை அதிகம் வருத்துவது பந்தயப் பாதையில் இல்லை. சிக்னலில் நிற்கும்போதும், போக்குவரத்து நெரிசலில் ஊரும்போதும். அன்றாடக் கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது அங்கேதான்.

எல்எஸ் இன்ஜினின் லிஃப்டர்களுக்கு அடியில் உருளை இருப்பதால் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். 1955 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை வந்த ஸ்மால் பிளாக் இன்ஜின்களிலும், மினியிலும், அம்பாசடரிலும் லிஃப்டரின் அடி தட்டையானது. கேமின்மேல் வழுக்கித்தான் போகும். அந்த உராய்வைத் தாங்க வைப்பது எண்ணெயில் கலந்திருக்கும் துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்மம். பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம், பாகுநிலை குறைந்த எண்ணெய்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. தட்டை லிஃப்டர் இன்ஜினில் இன்றைய எண்ணெயையும் பந்தய ஸ்பிரிங்கையும் சேர்த்துப் போட்டால் புதிய கேம் ஓட்டத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தேய்ந்துபோகக்கூடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் இரட்டை ஸ்பிரிங்கில் உள்ளிருக்கும் ஒன்றைக் கழற்றிவிட்டு முதல் ஓட்டத்தை நடத்துகிறார்கள்.

ஸ்பிரிங்கின் இன்னொரு எதிரி காலம். அன்றாடக் கார் சராசரியாக மணிக்கு 50 கி.மீ. வேகத்தில், 2,000 சுற்றில் ஓடுவதாகக் கொள்வோம். 2 லட்சம் கி.மீ. ஓட 4,000 மணி நேரம். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் மணிக்கு 60,000 தடவை அமுங்குகிறது. மொத்தம் 24 கோடி தடவை. கால் மைல் நேர்ப்பாதைப் பந்தயக் கார் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 10 நொடி ஓட்டம், 7,500 சுற்று: ஓர் ஓட்டத்துக்கு ஸ்பிரிங் 625 தடவை அமுங்கும். ஆயிரம் ஓட்டம் ஓடினாலும் ஏழு லட்சத்தைத் தாண்டாது. அந்த ஸ்பிரிங்கைச் செய்பவர் கம்பியை அதன் தாங்குதிறனின் விளிம்புவரை முறுக்கி வேலை வாங்கலாம். 24 கோடி தடவை உழைக்க வேண்டிய ஸ்பிரிங்கை அப்படி முறுக்க முடியாது. பந்தயத்தில் வென்ற ஸ்பிரிங் என்ற விளம்பரம் அன்றாட ஓட்டுநருக்கு நற்சான்று ஆகாது.

ஸ்பிரிங்கின் இயல்பை முதலில் வகுத்துச் சொன்னவர் ராபர்ட் ஹூக். நீட்சிக்கு ஏற்ப விசை என்ற தன் விதியை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டார். வேறொருவர் முந்திக்கொள்ளக் கூடாதே என்ற கவலை. 1678-இல் விடையை அவிழ்த்தார். சுருள் ஸ்பிரிங்குக்கு அந்த விதியை விரித்தால் வியப்பான ஒன்று கிடைக்கும்: ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் படியைப் பொறுத்தது, சுருள் விட்டத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. 4 மி.மீ. கம்பிக்குப் பதில் 4.4 மி.மீ. கம்பி போட்டால் தடிமன் 10 சதவீதம்தான் கூடியது. விறைப்போ 46 சதவீதம் கூடிவிட்டது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு ஸ்பிரிங் இயக்கத்தில் முற்றிலும் வேறாக இருப்பது இதனால்தான். கண்ணளவு இங்கே உதவாது.

ஹூக்கின் விதி ஸ்பிரிங்கை எடையற்ற பொருளாகப் பார்க்கிறது. உண்மையில் ஸ்பிரிங்குக்கும் எடை உண்டு, அதற்கென்று ஓர் இயல் அதிர்வெண்ணும் உண்டு. கார் வால்வு ஸ்பிரிங்குகளில் அது பெரும்பாலும் நொடிக்கு 300-க்கும் 600-க்கும் இடையே அமைகிறது. கேம் நொடிக்கு 50 தடவைதானே சுற்றுகிறது, மோதல் எங்கே வரும் என்று தோன்றலாம். எந்தத் திரும்பத்திரும்ப வரும் அசைவையும் அடிப்படை அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் சேர்ந்த கூட்டாகப் பிரிக்கலாம் என்று ஃபூரியே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டினார். கேமின் வடிவத்துக்குள் 50, 100, 150 என்று போகும் எல்லா மடங்குகளும் ஒளிந்திருக்கின்றன. ஸ்பிரிங்கின் இயல் அதிர்வெண் 450 என்றால், 6,000 சுற்றில் ஒன்பதாவது மடங்கு அதைச் சரியாகத் தொட்டுவிடும். ஒத்ததிர்வு பிறக்கும். ஸ்பிரிங்கின் நடுச்சுருள்கள் மட்டும் மேலும் கீழும் அலைபாயும். முனைகளில் விசை கூடியும் குறைந்தும் துடிக்கும். அளவுகோலில் 130 கிலோ காட்டிய ஸ்பிரிங், தேவையான கணத்தில் அதைவிட மிகக் குறைவாகத் தரும். அலை கடக்கும் சுருள்களில் கம்பியின் முறுக்கம் வடிவமைப்பாளர் நினைத்ததைவிட ஏறும். அங்கேதான் பெரும்பாலும் உடையும்.

இதை அடக்கப் பல வழிகள் உண்டு. ஸ்பிரிங்கின் உள்ளே தட்டையான டாம்பர் சுருள் ஒன்றை உரசும்படி வைப்பது பழைய வழி. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் வைப்பது மற்றொன்று. ஒன்று உடைந்தாலும் மற்றது வால்வைச் சிலிண்டருக்குள் விழாமல் பிடித்துக்கொள்ளும் என்ற பாதுகாப்பும் அதில் இருக்கிறது. அன்றாடக் காருக்கு எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி: பீஹைவ் ஸ்பிரிங். அடியில் அகலமாகவும் மேலே ஒடுங்கியும் இருக்கும். சுருள்களின் விட்டம் மாறுவதால் எல்லாச் சுருளும் ஒரே அதிர்வெண்ணுக்கு ஆடாது. ஒத்ததிர்வு தலைதூக்க இடம் குறைகிறது. மேல்முனை சிறியதாக இருப்பதால், அதை வால்வோடு பிணைக்கும் ரிடெய்னரும் சிறியதாகிறது. அந்த ரிடெய்னர் வால்வோடு சேர்ந்து முழு தூரமும் பயணிப்பது. அதில் குறையும் ஒவ்வொரு கிராமும் ஸ்பிரிங்கின் சுமையிலிருந்து குறைகிறது. கம்பியின் குறுக்குவெட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் செய்தால் முறுக்கம் பரவலாகும், முழுதாக அமுங்கிய உயரமும் குறையும். பலத்தைக் கூட்டுவதைவிடச் சுமையைக் குறைப்பது என்ற இந்தப் பாதையே எல்எஸ்7-இலும் தெரிகிறது. 56 மி.மீ. அகல இன்டேக் வால்வை டைட்டானியத்தில் செய்தார்கள். டைட்டானியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் பாதியைவிடச் சற்று அதிகம்தான், அந்த வித்தியாசமே 7 லிட்டர் புஷ்ராடு இன்ஜினை 7,000 சுற்று வரை கொண்டுபோக உதவியது.

ஸ்பிரிங்கே வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். ஃபாபியோ டாக்லியோனி 1956-இல் டுகாட்டி பந்தய பைக்குக்கு, திறக்க ஒரு கேம், மூட ஒரு கேம் என்ற டெஸ்மோட்ரோமிக் அமைப்பைச் செய்தார். ரெனோ 1980-களில் ஃபார்முலா 1 இன்ஜினில் உலோகச் சுருளை அகற்றிவிட்டு அழுத்திய வாயுவையே ஸ்பிரிங்காக்கியது. காற்றுக்கு எடையும் மிகக் குறைவு, உலோகச் சோர்வும் கிடையாது. இரண்டும் அருமையான விடைகள். சந்தைக்குப் போய்வரும் காரில் அவற்றுக்கு இடமில்லை.

கம்பியின் உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல். தரமான வால்வு ஸ்பிரிங் குரோம்-சிலிக்கான் எஃகில் ஆனது: கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேல், சிலிக்கான் சுமார் 1.4, குரோமியம் சுமார் 0.7 சதவீதம். வெப்பத்திலும் இறுக்கம் தளராமல் இருக்கச் சிலிக்கான் உதவுகிறது. முறிவு பெரும்பாலும் பரப்பிலுள்ள சிறு கீறலிலோ, பரப்பையொட்டிய அயல்துகளிலோ தொடங்கும். அதனால் சுருட்டிய கம்பியின்மேல் நுண்ணிய எஃகு மணிகளை வீசியடித்துப் பரப்பை அழுத்தத்தில் வைக்கிறார்கள். அழுத்தத்தில் இருக்கும் பரப்பில் விரிசல் வாய் திறக்காது. இவ்வளவு அக்கறையோடு செய்த கம்பியைப் பொருத்துபவர் இடுக்கியால் பிடித்தோ ஸ்க்ரூடிரைவரால் நெம்பியோ ஒரு கீறல் விழவிட்டால், அது பல மாதம் கழித்து வால்வு ஒன்று பிஸ்டன்மேல் விழுவதில் போய் முடியலாம்.

இனி ராக்கர். பளபளக்கும் அலுமினிய ரோலர் ராக்கர்கள் கடையில் கண்ணைப் பறிக்கும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, ராக்கர் ஒரு திருப்பத்தில் ஆடுவதால் அதன் மொத்த எடையைவிட, எடை தாங்குபுள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே முக்கியம். தூரத்தின் இருமடிக்கு ஏற்ப அதன் பாதிப்பு ஏறும். வால்வு முனையில் உருளையும் அதன் ஊசியும் சேர்ந்த கனம், தராசில் இலகுவாகத் தெரியும் ராக்கரையும் ஆட்டத்தில் சோம்பலாக்கிவிடும். எல்எஸ்-இன் தொழிற்சாலை ராக்கர் வார்ப்பு எஃகு. அதன் முனை மெலிந்து உருளையின்றி இருக்கிறது. பழசாகத் தெரிந்தாலும் வடிவமைப்பு மிகச் சிறந்தது. இரண்டாவது, எஃகுக்கு ஓர் எல்லை உண்டு: அதற்குக் கீழான சுமையை எத்தனை கோடி தடவை கொடுத்தாலும் சோர்ந்து முறியாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சிறிய சுமையும் போதிய தடவை வந்தால் ஒருநாள் விரிசல் விடும். 24 கோடி தடவை என்ற எண்ணை இங்கே மறக்கக் கூடாது.

தொழிற்சாலை ராக்கரின் பலவீனம் அதன் நடுவில் இருக்கிறது. ட்ரன்னியன் என்னும் குறுக்குத் தண்டைச் சுற்றிச் சின்னஞ்சிறு ஊசி உருளைகள், அவற்றைப் பிரித்துப் பிடிக்கும் கூடு இல்லாமல் அடுக்கப்பட்டுள்ளன. பேரிங்குகள் முழுச் சுற்று சுற்றும்போதுதான் எண்ணெயைப் புதுப்பித்துக்கொள்ளும். இங்கே ராக்கர் சுமார் 20 பாகை மட்டும் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒரே ஊசி ஒரே இடத்தை ஓயாமல் அழுத்துகிறது. நாளடைவில் அங்கே பள்ளம் விழும். விளிம்பு தளர்ந்தால் ஊசிகள் சிதறி எண்ணெயோடு இன்ஜின் முழுக்கப் பயணிக்கும். பலமான ஸ்பிரிங் இந்தச் சுமையை ஏற்றும் என்பதை முன்பே கண்டோம். ஆகவே தொழிற்சாலை ராக்கரையே வைத்துக்கொண்டு, அதன் ட்ரன்னியனை வெண்கலப் புஷ்ஷுக்கோ கூடு உள்ள பேரிங்குக்கோ மாற்றுவது அன்றாடக் காருக்கு மிகவும் அறிவார்ந்த மேம்பாடு. குதிரைத்திறன் ஒன்றும் கூடாது. பதினாறு ராக்கரும் நிம்மதியாக ஆடும்.

பொருத்தும் வேலையில் தவறக் கூடாத அளவுகள் சில. எல்எஸ்-இன் ஸ்பிரிங் வால்வு மூடியிருக்கும்போது 45.7 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். மாறினால் அடியில் ஷிம் வைத்துச் சரிசெய்ய வேண்டும். முழுதாகத் திறந்த நிலையில், சுருள்கள் ஒன்றையொன்று முட்டிக் காயில் பைண்ட் ஆவதற்கு இன்னும் 1.5 மி.மீ. மிச்சம் இருப்பது வழக்கமான பாதுகாப்பு. எல்எஸ்6-இன் தொழிற்சாலை ஸ்பிரிங் அதன் 14 மி.மீ. திறப்பை ஒட்டி வகுக்கப்பட்டது, 1.8 ராக்கரை மட்டும் மாற்றிவிட்டு ஸ்பிரிங்கை விட்டுவைத்தால் இந்த மிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடும். ராக்கரையும் ஸ்பிரிங்கையும் ஒரே வேலையாகக் கருதச் சொல்வது அதனால்தான். ரிடெய்னரின் அடி வால்வு சீலைத் தொடாமல் இருக்கிறதா, பிஸ்டன் உச்சியில் நிற்கும் டிடிசி நிலையையொட்டி இரண்டு வால்வும் சற்றே திறந்திருக்கும் நேரத்தில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி இருக்கிறதா என்பதும் அளந்து பார்க்க வேண்டியவை. எல்எஸ் ராக்கரில் டாப்பட் செட்டிங் கிடையாது. லிஃப்டருக்குள் எவ்வளவு முன்னழுத்தம் என்பதைத் தீர்மானிப்பது புஷ்ராடின் நீளம் மட்டுமே. தொழிற்சாலை நீளம் 7.4 அங்குலம், அதாவது 188 மி.மீ. ராக்கர் மாறினால் அதையும் மறுபடி அளக்க வேண்டும்.

ஹெட் காரிலேயே இருக்க ஸ்பிரிங்கைக் கழற்றும்போது வால்வு சிலிண்டருக்குள் விழாமல் பிடிக்க ஏதாவது வேண்டும். கம்ப்ரஸர் காற்றை ஸ்பார்க் பிளக் துளை வழியே செலுத்துவார்கள். பிஸ்டன் சரியாக டிடிசியில் இல்லாவிட்டால் அந்தக் காற்றே இன்ஜினைச் சட்டெனச் சுழற்றிவிடும் என்பதால் கையை வெளியே வைத்திருக்க வேண்டும். மெல்லிய கயிற்றை அதே துளை வழியாகத் திணித்து, பிஸ்டனை உயர்த்தி, கயிற்றுச் சுருளால் வால்வைத் தாங்குவது இன்னும் பழைய முறை, அமைதியானது, ஆபத்தில்லாதது. வால்வு லாக் இரண்டும் தண்டின் பள்ளத்தில் சரியாக அமர்ந்தனவா என்று பார்த்த பிறகே அடுத்த வால்வுக்குப் போக வேண்டும்.

வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மூடியை ஒருமுறை திறந்து வால்வு முனைகளைப் பார்ப்பது நல்லது. ராக்கர் உரசிய தடம் முனையின் நடுவில் ஒடுங்கிய பட்டையாக இருந்தால் புஷ்ராடு நீளமும் ராக்கரின் அமைப்பும் ஒத்துப்போகின்றன. தடம் ஓரத்துக்கு ஒதுங்கியோ அகலமாகவோ இருந்தால் வால்வு பக்கவாட்டில் தள்ளப்பட்டு கைடு தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். புதிய ஸ்பிரிங்குகளின் விசையைப் பொருத்தும் முன்பே டெஸ்டரில் அளந்து பதினாறையும் எழுதி வைத்திருந்தால், பின்னாளில் மறுபடி அளக்கும்போது ஒப்பிட ஓர் ஆதாரம் இருக்கும். முதல் வெப்பத்தில் எல்லா ஸ்பிரிங்கும் சற்று இறங்கும், அது இயல்பு. அதற்குப் பிறகும் ஒன்று மட்டும் தன் கூட்டாளிகளைவிடப் பத்து சதவீதம் குறைந்து நின்றால், அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டியதுதான்.